பார்க்கலாம் என்றார் முதலாளி



மறுப்பைச் சொல்வதற்குத் தமிழ் மொழியில் வழிகள் பல உண்டு. அவற்றுள் மிகவும் மரியாதை வாய்ந்தது 'பார்க்கலாம்' என்னும் சொல். கைமாற்றுக் கேட்டு வந்தவரிடம் சொல்கிறோம். சம்பந்தம் பேச வந்தவரிடம் சொல்கிறோம். மிதிவண்டி வேண்டுமென அடம்பிடிக்கும் பிள்ளையிடமும் சொல்கிறோம். சொல்பவருக்கு நோவதில்லை. கேட்பவருக்கும் அந்நேரத்தில் நோவதில்லை. வீடு வந்து சேர்ந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் நோகத் தொடங்குகிறது.

இத்திங்கள் நாம் எழுத விழைவது, இச்சொல்லைக் கேட்டுத் திரும்பிய ஒரு மகளைப் பற்றி. அவளும் அவளுடைய முதலாளியும் சம்மதம் தந்த பின்னரே எழுதுகிறோம். பெயர்கள் வேண்டியதில்லை. காவிரிக் கரையிலுள்ள ஒரு நடுத்தர நகரம் என்று மட்டும் கொள்க.

2023-ஆம் ஆண்டு, ஆனி மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை நேரம். நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். 'சுவாமி, இவள் வேலையை விட்டுவிடப் போகிறேன் என்கிறாள். நீங்கள்தான் நல்ல புத்தி சொல்லவேண்டும்' என்றார். தகப்பனார் தையற்காரர், பண்டிகைக் காலம் தவிர வருமானம் குறைவு. தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுக்குக் கட்டணம் கட்டுவது இவளுடைய சம்பளம். ஆகவே தாயின் கலக்கம் நியாயமானதே.

அந்தப் பெண் வணிகவியல் பட்டம் பெற்றவள். மூன்று தலைமுறையாக நடந்துவரும் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுவதும் சரக்குக் கணக்கு எழுதுவதும் அவள் பணி. பித்தளையும் செம்பும் அந்தக் கடையின் சிறப்பு: குத்துவிளக்கு, தவலை, அண்டா, குடம், பழங்காலத்து உருளி. எவர்சில்வர் வந்து பித்தளையை வீட்டுப் பரணுக்கு அனுப்பியதையும், பரணிலிருந்து அது மெல்ல இறங்கி வருவதையும் பார்த்த கடை. இந்தக் கடைக்கென்று இன்ஸ்டாகிராமிலும் முகநூலிலும் ஒரு பக்கம் தொடங்கி, சிறு சிறு காணொளிகள் இடவேண்டும் என்பது அவள் எண்ணம். இரண்டு வாரம் இரவில் கண் விழித்துப் பதினெட்டுப் பக்கங்களில் ஒரு திட்டம் தயாரித்து முதலாளியிடம் கொடுத்தாள். அவர் சொன்ன பதில்தான் இக்கட்டுரையின் தலைப்பு.

திட்டத்தின் படி ஒன்றை நம்மிடமும் தந்தாள். வாசித்தோம். 'ரீச்', 'என்கேஜ்மென்ட்', 'பிராண்ட் அவேர்னஸ்' எனச் சொற்கள் அணிவகுத்து நின்றன. நாட்டில் எத்தனை பேரிடம் கைப்பேசி உள்ளது என்பது இருந்தது. எதிர்த் தெரு நகைக்கடையை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்பதும் இருந்தது. பதினெட்டுப் பக்கங்களையும் புரட்டிவிட்டு, 'இதில் பாத்திரம் எங்கே அம்மா?' என்று கேட்டோம். அவள் நம்மை நிமிர்ந்து பார்த்தாள், பதில் சொல்லவில்லை.

கொடுத்த நேரமும் சரியில்லை. வைகாசி மாதச் சனிக்கிழமை மாலை, மறுநாள் முகூர்த்தம். கடையில் இரண்டு வீட்டார் சீர்வரிசைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அந்தத் தாள்களைச் சரக்குப் பில்லைப் புரட்டுவது போல் புரட்டி, தராசின் அடியில் வைத்துவிட்டார். மூன்று வாரம் அங்கேயே இருந்தது. பிறகொரு நாள் அதன்மேல் தேநீர்க் குவளை வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் வேலையை விடுவது என்று அவள் முடிவு செய்தாள்.

'சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. இது எதற்கு இவளுக்கு?' என்றார் தாய். நமக்கு அந்தக் கேள்வி உவப்பாக இல்லை. சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு சிந்தனையை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் பிள்ளைகளை வளர்க்க நாம் விரும்புவதில்லை அல்லவா?

ஒன்றை இங்கே ஒளியாமல் சொல்லிவிட வேண்டும். நாமும் ஒப்புதல் தரும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரே. 2019-இல் பங்கு இளைஞர்கள் சிலர் நம்மிடம் வந்து, யூடியூபில் ஒரு பக்கம் தொடங்கலாம் என்றார்கள். நாம் 'பார்க்கலாம்' என்றோம். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து கோவில் கதவு சாத்தப்பட்டபோது, அதே இளைஞர்களை நாமே தொலைபேசியில் அழைத்து, 'எப்படிச் செய்வது, தம்பி?' என்று கேட்க நேர்ந்தது. அவர்கள் பழையதை நினைவூட்டவில்லை. அன்று நாம் ஏன் மறுத்தோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். அந்த யோசனையை நாம் வெறுக்கவில்லை. எவனாவது எதையாவது எழுதிவிட்டால், மேலிடத்துக்குப் பதில் சொல்லப் போவது நாம்தானே என்ற அச்சம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். இரண்டும் சேர்ந்துதான் 'பார்க்கலாம்' ஆயிற்று.

ஆகவே அந்த மகளிடம் நாம் கேட்டது ஒரே கேள்வி: 'உன் முதலாளி எதற்கு அஞ்சுகிறார்?'

'அவருக்குப் புதுமையே பிடிக்காது, சுவாமி.'

இதை நாம் ஏற்கவில்லை. அதே மனிதர் 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தவுடன் கணினியில் பில் போடத் தொடங்கியவர். கைப்பேசியால் படம்பிடித்துப் பணம் செலுத்தும் அட்டையைக் கல்லாவின் முன்னே வைத்திருப்பவர். புதுமையை வெறுப்பவர் இவற்றைச் செய்வாரா? 'பழைய மனிதர்' என்பது, நம் பேச்சுக்கு இணங்காத பெரியவருக்கு நாம் இடும் எளிய பெயர். அதற்குமேல் அதில் பொருளில்லை.

யோசனை வென்றால் புகழ் சொன்னவருக்கு. தோற்றால் இழப்பு, பெயர்ப் பலகையில் யார் பெயர் உள்ளதோ அவருக்கு. இதை மறவாதிருத்தல் நன்று. 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். கணவரிடம் அடியும் உதையும் பட்ட பெண்கள், தாங்கள் அந்த வீட்டை விட்டு ஏன் வெளியேறாமல் இருந்தோம் என்பதைப் பொதுவான ஒரு தலைப்பின்கீழ் ட்விட்டரில் எழுதிவந்தார்கள். படிப்போர் நெஞ்சை உருக்கிய பதிவுகள் அவை. டிஜியோர்னோ என்னும் பீட்சா நிறுவனத்தில் பதிவிடும் பொறுப்பில் இருந்தவர், அத்தலைப்பு எதைப் பற்றியது என்று பாராமலே, பரபரப்பாகப் பேசப்படுகிறதே என்று அதை எடுத்துத் தம் பீட்சாவைப் பற்றிய வேடிக்கை வாசகத்தோடு இணைத்துவிட்டார். விரைவிலேயே நீக்கினார்கள், மனம் புண்பட்டு எழுதியவர்களுக்குத் தனித்தனியே மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் அந்தப் பதிவு இன்றளவும் எச்சரிக்கையாக எடுத்துக் காட்டப்படுகிறது. அங்கே தீய எண்ணம் எதுவுமில்லை. இடுவதற்குமுன் ஒரு நிமிடம் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. பெரிய நிறுவனம் முகம் அறியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக் கடந்துவிடலாம். சிறு நகரத்துக் கடைக்காரர் நாளைக் காலை அதே மனிதர்களை மீன் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் பார்த்தாக வேண்டும்.

'வேலையை விடுவதாயின் ஆவணியில் விடு. அதற்குள் ஒரு நாள், கையில் தாள் எதுவுமின்றிச் சென்று, அவருடைய அச்சம் என்ன என்று மட்டும் கேட்டு வா. நீ ஒன்றும் விளக்க வேண்டாம்' என்றோம்.

ஆடி பிறந்தது. திருமணங்கள் இல்லாத மாதம். பாத்திரக்கடையில் ஈ பறக்கும் காலம். ஒரு புதன்கிழமை முற்பகல், முதலாளி விளக்குகளுக்குத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டிருக்கிறாள். அவரோ அரைமணி நேரம் பேசினாராம். அவ்வளவு நேரம் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

முதலாவது, விலை. பித்தளை கிலோக் கணக்கில் விற்பது. விலை ஏறும், இறங்கும். வைகாசியில் இட்ட காணொளியை ஐப்பசியில் ஒருவர் கொண்டுவந்து காட்டி, 'இந்த விலைக்குக் கொடு' என்றால் என்ன செய்வது? அடுத்தது, இரவு. பத்து மணிக்கு ஒருவர் கேள்வி கேட்பார். பதில் இல்லையென்றால் 'திமிர் பிடித்த கடை' என்பார். யார் விழித்திருப்பது? பிறகு, கேலி. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசுவதைக் 'கலாய் பூசுவது' என்பது வழக்கம். இக்காலத்து இளைஞர் பேச்சிலோ 'கலாய்ப்பது' என்றால் பலர் கூடி ஒருவரைக் கேலி செய்வது. 'கலாய் பூசுகிற கடையைக் கலாய்த்துவிடுவார்களே, அம்மா!' என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். ஆயினும் அது சிரிப்பாகச் சொன்ன அச்சமே.

நான்காவதை அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். 'நீ எழுதியதில், நீயே நின்று பேசுவதாக இருக்கிறது. உன் முகத்தை ஊரே பார்க்கும். எவனாவது தகாத வார்த்தை எழுதினால், உன் தகப்பனாருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?'

இதை நம்மிடம் சொல்லி வந்தபோது அந்தப் பெண் சற்று நேரம் பேசாதிருந்தாள். தன் யோசனைக்குக் குறுக்கே நிற்பவராக அவரை எண்ணியிருந்தாள். அவரோ இவளைப் பற்றியே எண்ணியிருந்திருக்கிறார். பதினெட்டுப் பக்கங்களில் இவ்வொன்றைக் குறித்து ஒரு வரிகூட இல்லை.

மற்றொன்றும் அன்று விளங்கிற்று. கடைக்கு முதலாளி அவர். சாவிக்கொத்து அவருடைய தாயாரிடம். எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் உள்ளறையில் அமர்ந்திருப்பார். ஒவ்வொரு நாள் மாலையும் மகன் அவரிடம் சென்று அன்றைய செய்தியைச் சொல்வார். அவருக்குப் புரியாத எதையும் மகன் தொடங்கியதில்லை. அந்தப் பதினெட்டுப் பக்கங்களைத் தாயாரிடம் அவர் எப்படி எடுத்துச் சொல்லியிருக்க முடியும்?

பெரிய அலுவலகங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் இதைக் கவனிக்கலாம். நீங்கள் யோசனை சொல்லும் மேலாளர் பெரும்பாலும் ஒப்புதல் தருபவர் அல்லர். அவர் அதை இன்னொருவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அந்த அறையில் நீங்கள் இருக்கப் போவதில்லை. உங்கள் படங்களும் வரைபடங்களும் அங்கே வாய் திறவா. அவர் மறவாமல் திருப்பிச் சொல்லத்தக்க இரண்டு வாக்கியங்களை அவருக்குக் கொடுத்தீர்களா என்பதுதான் கேள்வி. மருத்துவமனையாயின் நோயாளியின் முகம் வருமா என்று கேட்பார்கள். வங்கியாயின் வாடிக்கையாளர் விவரம் வெளிப்படுமா என்பார்கள். கேட்குமுன்னரே அதற்கு விடை அந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றில் இருக்கட்டும்.

கடைக்குத் திரும்புவோம். கடையின் கொல்லைப்புறத்தில் வாரம் ஒரு நாள் ஈயம் பூசும் முதியவர் ஒருவர் வருவார். பழைய பாத்திரங்களைக் கொண்டுவருவோருக்கு அங்கேயே பூசித் தருவார். பித்தளையிலும் செம்பிலும் பூச்சின்றிப் புளிப்பான பண்டம் வைத்தால் களிம்பு ஏறும். சரியாக ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் உணவுக்கு ஏற்றவையல்ல என்று அரசின் உணவுப் பாதுகாப்பு விதியும் சொல்கிறது. அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஓர் இன்பம். துருத்தி ஊதிய நெருப்பில் பாத்திரம் காயும். நவச்சாரத் தூளைத் தூவியவுடன் வெண்புகை எழும். ஈயக் குச்சியைத் தொட்டதும் அது நீராய் உருகும். பஞ்சுச் சுருளால் ஒரே சுற்றுச் சுற்றினால், மங்கிக் கிடந்த உட்புறம் நிலவொளி போல் வெளுக்கும்.

அந்தப் பெரியவரிடம் முதலில் அனுமதி கேட்டாள். 'முகம் வேண்டாம் அம்மா, கை போதும்' என்றார். நாற்பது வினாடி, இரண்டு கைகளும் நெருப்பும் பாத்திரமும் மட்டும். தம்பி ஒரு திரைப்பாடலை அதில் சேர்த்திருந்தான். வியாபாரத்துக்காகப் பாடலைப் பயன்படுத்த உரிமை பெற்றாக வேண்டும் என்பதால் அதை எடுத்துவிட்டு, துருத்தியின் ஓசையும் தண்ணீரில் பாத்திரம் சீறும் ஓசையும் மட்டும் இருக்கச் செய்தாள். நம் செவிக்கு அதுவே நல்ல பாட்டாக இருந்தது.

இம்முறை கணினித் தாள் இல்லை. கைப்பேசியை முதலாளியின் கையில் கொடுத்தாள். பார்த்தார், மறுபடி பார்த்தார், உள்ளே சென்று தாயாரிடம் காட்டினார். அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, 'இது நம் கொல்லைதானே? அந்தத் தவலை யாருடையது?' என்று கேட்டாராம். கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று பொருள்.

பிறகுதான் ஒரு அரைத்தாளை நீட்டினாள். ஒரு மாதம், நான்கு காணொளிகள் மட்டும். பணச் செலவு இல்லை. விலை எதிலும் வராது. யார் முகமும் வராது. எழுதும் வாசகம் ஒவ்வொன்றையும் முதலாளி பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இடுவது. கேள்விகளுக்குப் பதில் கடை நேரத்தில் மட்டும் என்று பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுவது. குறை கூறி எவரேனும் எழுதினால், அதை முதலாளி பார்க்கும்வரை எவரும் பதில் எழுதுவதில்லை. வேண்டாம் என்று அவர் சொல்லும் நாளில் பக்கத்தை அன்றே மூடிவிடுவது. அவர் அஞ்சிய ஒவ்வொன்றும் அவருடைய சொற்களிலேயே அந்தத் தாளில் இருந்தது.

நான்கில் ஒன்றை அவர் அடித்துவிட்டார். கலப்படப் பித்தளையைக் கண்டுபிடிப்பது எப்படி என்னும் காணொளி அது. 'பக்கத்துக் கடைக்காரர் தம்மைச் சொல்வதாக எண்ணுவார். அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் நாம் உட்கார வேண்டாமா?' என்றார். அவள் எண்ணத்தில் நான்கிலும் சிறந்தது அதுவே. ஆயினும் வாதாடாமல் எடுத்துவிட்டாள். மற்ற மூன்றுக்கும் கையெழுத்துக் கிடைத்தது அந்தக் கணத்தில்தான் என்று நாம் கருதுகிறோம்.

பார்க்காமலே கையெழுத்திட்ட முதலாளிகளும் உண்டு. 1966-இல் அமுல் வெண்ணெய்க்கு விளம்பரம் செய்யும் பொறுப்பு சில்வெஸ்டர் டகுன்ஹா என்பவரிடம் வந்தது. புள்ளிச் சட்டை அணிந்த குட்டிப் பெண்ணை யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்தார். நாட்டு நடப்பைப் பற்றிய வாசகத்துடன் அவளைத் தெருப் பலகைகளில் வைக்கவேண்டும் என்பது திட்டம். நடப்பு இன்று சூடு, நாளை ஆறிப்போகும். விளம்பரம் உருவாவது பம்பாயில். நிர்வாகம் இருப்பது குஜராத்தின் ஆனந்தில். ஒவ்வொன்றையும் அனுப்பி ஒப்புதல் பெறுவதென்றால் பலகை ஏறுமுன் செய்தி பழையதாகிவிடும். வெண்மைப் புரட்சியின் தந்தை எனப் போற்றப்படும் வர்கீஸ் குரியன், முன்கூட்டித் தம்மிடம் காட்டத் தேவையில்லை என்னும் உரிமையை அவர்களுக்கு அளித்தார். குரியன் 2012-இலும் டகுன்ஹா 2023-இலும் மறைந்தனர். அந்தப் பெண் இன்று கைப்பேசித் திரையிலும் வருகிறாள். விளம்பரத்தை டகுன்ஹாவின் மகன் நடத்துகிறார். எழுதுபவர் எதைத் தொடுவார், எதைத் தொடமாட்டார் என்று அறிந்த பிறகு பிறக்கும் நம்பிக்கை இது. அதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் கேட்டு வாங்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு: ஒப்புதல் தருபவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது. 2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அந்நாட்டுக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் தடைப்பட்டு, ஆட்டம் 34 நிமிடம் நின்றது. இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துத் தின்னலாம் என்னும் கருத்தில் ஒரு படத்தை ஓரியோ பிஸ்கட் நிறுவனம் அந்த இடைவெளிக்குள் ட்விட்டரில் இட்டது. உலகமே வியந்தது. நொடியில் உதித்த சாமர்த்தியம் என்று பலர் எண்ணினர். உண்மையில் அன்று விளம்பரக் குழுவும், ஒப்புதல் தரும் அதிகாரம் உள்ள நிறுவனத்தாரும் நியூயார்க்கில் ஒரே அறையில் கூடியிருந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு, பிஸ்கட்டின் நூற்றாண்டை ஒட்டி, நூறு நாளும் நாளுக்கொரு படம் என்று இட்டுப் பழகியிருந்தனர். நூறு நாள் பழகியவர்களுக்கு அந்த 34 நிமிடம் போதுமானதாயிற்று.

நம் பாத்திரக்கடைக்கு அத்தகைய வேகம் தேவைப்படவில்லை. நல்ல வேளை அது. ஏனெனில் ஆவணியில் மூன்றாவது காணொளி இட்ட பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, யாரோ ஒருவர் இவ்வாறு எழுதினார்: ஈயம் நஞ்சு, அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும், இந்தக் கடை மக்களுக்கு நஞ்சு ஊட்டுகிறது.

இவளுக்கு விரல் துடித்தது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. நஞ்சாவது காரீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில். இதை எழுதி எதிரியின் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அரைத்தாளில் வேறு விதமாக எழுதியாயிற்றே! இரவு முழுவதும் பொறுத்திருந்து, திங்கட்கிழமை காலை முதலாளியிடம் காட்டினாள். பக்கத்தை மூடச் சொல்வார் என்றே எதிர்பார்த்தாள்.

அவர் வேறொன்று கேட்டார். 'நாம் பூசுவது சுத்தமான வெள்ளீயம்தான் என்று நமக்கு எப்படித் தெரியும்?'

யாருக்கும் தெரியவில்லை. முதியவர் எங்கேயோ சில்லறையில் குச்சி வாங்கி வருகிறார், பில் கிடையாது. வானொலிப் பெட்டி பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் பற்றாசில் காரீயம் கலந்திருப்பது வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முதலாளி அன்றே ஈயம் பூசுவதை நிறுத்தினார். மீதமிருந்த குச்சியை உலோகப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது: காரீயம் கலந்திருந்தது.

முதியவர் உடைந்துபோனார். அவர் அறிந்து செய்ததில்லை என்பதை அனைவரும் அறிவர். அந்தக் குச்சியால் பூசிய பாத்திரங்கள் பதினொன்று என்று கணக்கு நோட்டு சொல்லிற்று. அந்த நோட்டை எழுதி வந்தவள் இந்தப் பெண். பதினொரு வீட்டுக்கும் முதலாளி தாமே தொலைபேசியில் பேசினார். பழைய பூச்சை நீக்கி, பில்லோடு வாங்கிய தூய வெள்ளீயத்தைக் கூலியின்றிப் பூசித் தந்தார். அவற்றுள் இரண்டு, சிறு குழந்தைக்குப் பால் காய்ச்சும் பாத்திரங்கள்.

எழுதியவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எவர் முகமும் கூடாது என்றிருந்த மனிதர், 'இதற்கு முகம் காட்டித்தான் பேசவேண்டும். பிடி அம்மா' என்று சொல்லித் தாமே கைப்பேசியின் முன் நின்றார். நடந்ததை நடந்தபடியே சொன்னார். முதலில் ஆறு நிமிடம் பேசிவிட்டாராம். தாத்தா காலத்துக் கதையெல்லாம் வேண்டாம் என்று இவள் சொல்ல, இரண்டு நிமிடமாகக் குறைத்தார்கள். இடுவதற்குமுன் தாயாரிடம் காட்டினார்கள். அம்மையார், 'சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு மறுபடி பேசு' என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அதன்படியே செய்தார்கள்.

அதனால் வியாபாரம் பெருகியதா என்று கேட்பீர்கள். பாத்திரம் வாங்குவோர் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஈயம் பூச வருவோர் கூடினர். முதியவர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். குச்சியைக் கடையே வாங்கித் தருகிறது. இவளுக்கும் சம்பளம் சிறிது உயர்ந்தது. தம்பி படிப்பை முடித்துவிட்டான். நம் கையில் இருந்த பதினெட்டுப் பக்கங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கிச் சென்றாள். பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் கணக்குப் போட உதவுமாம்.

அண்மையில் மற்றொரு யோசனையை முன்வைத்திருக்கிறாள்: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைக்கே சென்று, வார்ப்பதை நேரலையாகக் காட்டுவது. முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'பார்க்கலாம் அம்மா' என்றாராம்.

'எப்போது ஐயா?' என்று கேட்டிருக்கிறாள்.

'தை பிறக்கட்டும். அதற்குள் அந்தப் பட்டறைக்காரர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு வை.'